வீட்டுக்குள் புகை: எங்கிருந்து வருகிறது, எதை முதலில் நிறுத்துவது

நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில் யாரிடமாவது காற்று மாசு என்று பேச்சை எடுத்தால், அது டெல்லிக்காரர்கள் பாடு என்பது போலப் பார்ப்பார்கள். ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் மலை, ஆனி ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக அடிக்கிற காற்றில் முப்பந்தலில் காற்றாலையே சுற்றுகிறது, இங்கே என்ன மாசு என்று நானும்தான் நினைத்திருந்தேன். ஓண லீவுக்கு வீட்டுக்குப் போனபோது அடுக்களையில் டியூப்லைட் மாற்ற ஏணி போட்டு ஏறினேன். டியூப் மாட்டுகிற பட்டியின் மேல்பக்கம் தொட்டால் தார் மாதிரி விரலில் ஒட்டுகிறது. அந்தக் காற்றைத்தான் அம்மா முப்பது வருஷமாக மூச்சாக இழுத்துக்கொண்டிருக்கிறார். அவருடைய இருமலுக்கு நாங்கள் வைத்திருந்த பெயர் ‘மழைக்கால இருமல்’.

அதனால் முதல் வேலை இது. ஒரு வெள்ளைத் துணியை நனைத்துப் பிழிந்துகொண்டு, அடுக்களை டியூப்லைட்டின் மேல்பக்கம், படுக்கையறை ஃபேன் இறக்கை, சாமி படத்துக்கோ இயேசுவின் திருஇருதயப் படத்துக்கோ மேலே உள்ள சுவர், பீரோவின் பின்பக்கச் சுவர், இந்த நாலு இடத்தையும் துடைத்துப் பாருங்கள். கருப்பாகப் பிசுபிசுப்பாக வந்தால் சமையல் புகை. உலர்ந்த கரியாக வந்தால் விளக்கு, ஊதுபத்தி, கொசுவர்த்தி. சாம்பல் நிறம் என்றால் வெறும் தூசி, அது கொஞ்சம் பரவாயில்லை. பச்சையோ கருப்போ புள்ளி புள்ளியாக, மண்வாசனை போல ஒரு நாற்றத்தோடு வந்தால் பூஞ்சை. எந்த இடத்தில் துணி அதிகம் கெட்டதோ அங்கிருந்து ஆரம்பியுங்கள், நான் எழுதிய வரிசையில் போக வேண்டும் என்று இல்லை.

ஒரு அளவு தெரிந்திருப்பது நல்லது. நுரையீரலின் அடிவரைக்கும் போகிற நுண்துகளை பிஎம் 2.5 என்பார்கள். உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்ன வரம்பு ஒரு கன மீட்டர் காற்றில் வருடச் சராசரி 5 மைக்ரோகிராம், ஒரு நாளைக்கு 15. நம் நாட்டின் 2009ஆம் வருஷத்துத் தர அளவு கொஞ்சம் தாராளம், வருடத்துக்கு 40, நாளுக்கு 60. புகைபோக்கி இல்லாத விறகடுப்பு எரிகிற மூடிய அடுக்களையில் இது சமைக்கிற நேரத்தில் பல நூறைத் தொடும். வீட்டுப் புகையால் 2020இல் மட்டும் உலகத்தில் 32 லட்சம் பேர் இறந்திருக்கலாம் என்பதும் அதே நிறுவனத்தின் கணக்குதான்.

விறகடுப்பு

கேஸ் இல்லாத வீடு இப்போது அபூர்வம். ஆனால் கேஸ் இருக்கிற வீட்டிலும் பின்பக்கம் ஒரு விறகடுப்பு எரிகிறதா இல்லையா? எங்கள் வீட்டில் எரிகிறது. ‘சம்பா அரிசிய கேஸ்ல வேகவச்சா சிலிண்டர் ஒரு மாசம் தாங்காது மக்களே’ என்பது அம்மாவின் வாதம். அதில் நியாயம் இருக்கிறது. சம்பா அரிசி வேக நேரம் எடுக்கும், மரச்சீனிக் கிழங்கு அவிக்க வேண்டும், குளிக்க வெந்நீர் வேண்டும், ரப்பர் விறகும் சிரட்டையும் கொதும்பும் (தென்னம்பாளை) காசில்லாமல் கிடைக்கின்றன. அதனால் ‘விறகை விட்டுவிடுங்கள்’ என்று உபதேசம் செய்வதில் பயன் இல்லை, விறகு எரிகிற நேரத்தைக் குறைப்பதுதான் நடக்கிற காரியம்.

அரிசிக்கு நாங்கள் செய்தது: முந்தின இரவே ஊறப்போட்டு, காலையில் கேஸில் நன்றாகக் கொதி வந்ததும் இறக்கி, சூடு போகாமல் மூடிவைக்கும் தெர்மல் ரைஸ் குக்கருக்குள் பானையோடு வைத்துவிடுவது. அடுப்பில்லாமலே அது உள்ளே வெந்துகொண்டிருக்கும். எவ்வளவு நேரம் கொதிக்கவிட வேண்டும் என்பது உங்கள் அரிசியைப் பொறுத்தது, இரண்டு மூன்று தடவை குழையும் அல்லது விறைக்கும், அதற்குள் கை பழகிவிடும். ‘சோறு குளந்து போச்சு’ என்று முதல் வாரம் முழுக்க வீட்டில் பேச்சுக் கேட்டேன்.

விறகு எரித்தே ஆக வேண்டும் என்றால் காய்ந்ததை மட்டும் எரியுங்கள். ஈர விறகு எரிவதற்கு முன்னால் தன் தண்ணீரை ஆவியாக்கவே நிறையச் சூட்டைத் தின்றுவிடும், மீதி எல்லாம் புகை. ரப்பர் விறகைப் பிளந்து, மழை படாமல் காற்றோட்டமாக அடுக்கி ஒரு கோடை தாண்டவிட்டால் போதும். மழையில் நனைந்த கதம்பைதான் (தேங்காய் மட்டை) மோசமான புகை, அது எரிவதே இல்லை, கங்கு பிடித்துப் புகைந்துகொண்டே கிடக்கும். அதைத் தென்னை மூட்டிலே போட்டுவிடலாம், உரமும் ஆகும் ஈரமும் காக்கும்.

தீ மூட்ட பால் கவர், பழைய செருப்பு, ரப்பர் தோட்டத்து ஒட்டுப்பால், டியூப் துண்டு இவற்றை வைக்கிற பழக்கம் மட்டும் அறவே வேண்டாம். இது மற்ற புகை மாதிரி இல்லை, சில பிளாஸ்டிக் எரியும்போது டயாக்சின் போன்ற நஞ்சுகள் உண்டாகின்றன, அடுப்பில் இருக்கிற சோறும் அதே புகையில்தான் வேகிறது. காய்ந்த ஓலையும் கொதும்பும் இருக்கிற ஊரில் பால் கவர் எதற்கு?

கொல்லாங்கொட்டை (முந்திரிக்கொட்டை) சுடுகிற ஆசை வந்தால் அதையும் முற்றத்தில், காற்று போகிற பக்கம் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஓட்டில் இருக்கிற எண்ணெய் தோலில் பட்டாலே பொள்ளும் என்று தெரியும், அதன் புகை கண்ணையும் தொண்டையையும் சும்மா விடாது.

கேஸ் அடுப்பும் பொரிப்பும்

கேஸ் வந்ததும் பிரச்சினை தீர்ந்தது என்று நினைக்கிறோம். விறகோடு ஒப்பிட்டால் உண்மைதான். ஆனால் கேஸ் தீயும் நைட்ரஜன் டைஆக்சைடு என்ற வாயுவைத் தருகிறது, ஆஸ்துமா உள்ள பிள்ளைகளுக்கு அது ஆகாது. தீ நீலமாக எரிய வேண்டும். மஞ்சள் நுனியோடு எரிந்து பாத்திரத்தின் அடி கரி பிடித்தால், கஞ்சி பொங்கி பர்னர் ஓட்டை அடைபட்டிருக்கிறது என்று அர்த்தம், எரிவது முழுமையாக இல்லாமல் கார்பன் மோனாக்சைடு வெளிவரும். பர்னரைக் கழற்றி வெந்நீரில் ஊறவைத்து ஊசியால் குத்தித் தேய்த்துக் காயவைத்து மாட்டுவது பத்து நிமிஷ வேலை. அதிலும் தீரவில்லை என்றால் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

அதைவிடப் பெரிய விஷயம் எண்ணெய்ப் புகை. தீயலுக்குத் தேங்காய் வறுக்கும்போதும், சாளையோ அயிலையோ பொரிக்கும்போதும், ஓணத்துக்கு நேந்திரங்காய் உப்பேரி போடும்போதும் அடுக்களையில் நுண்துகள் ஏறும் ஏற்றம், தீ கேஸா கரண்டா என்பதைப் பார்ப்பதில்லை. எண்ணெயிலிருந்து நீலமாகப் புகை கிளம்பினால் தீ அதிகம். கல் சூடாகி எண்ணெய் பளபளக்கும் நேரத்தில் மீனைப் போட்டுவிடுங்கள், புகை வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

எக்ஸாஸ்ட் ஃபேன் இருக்கிறது, போட்டும் பார்த்தோம், புகை போகவில்லை என்பார்கள். போகாது, ஏனென்றால் அடுக்களைக் கதவு ஜன்னல் எல்லாம் அடைத்திருக்கும். வெளியே தள்ளுகிற காற்றுக்குப் பதில் காற்று உள்ளே வர வழி வேண்டும். ஃபேனுக்கு எதிர்ப்பக்கம் ஒரு ஜன்னலையோ கதவையோ திறந்துவையுங்கள், புகை அடுப்பின் மேலாகவே இழுபட்டுப் போவதைக் கண்ணால் பார்க்கலாம். ஃபேன் உயரத்தில், அடுப்புக்கு நேர் மேலேயோ ஒட்டியோ இருக்க வேண்டும். சமையல் முடிந்த பிறகும் கால் மணி நேரம் ஓடட்டும். இறக்கையில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறினால் அது இழுப்பது குறைந்துவிடும். புகைக்குழாய் இல்லாமல் காற்றை வடிகட்டி அடுக்களைக்குள்ளேயே திருப்பி விடுகிற சிம்னியும் விற்கிறார்கள், அதை வாங்குவதற்குப் பதில் அந்தக் காசுக்கு நல்ல எக்ஸாஸ்ட் ஃபேன் இரண்டு வாங்கலாம்.

கேஸ் கசிவு நாற்றம் அடித்தால் எந்த சுவிட்சையும் தொடாதீர்கள், போடவும் வேண்டாம் அணைக்கவும் வேண்டாம். சமையல் கேஸ் காற்றைவிடக் கனம், தரையோடு படியும், அதனால் ஜன்னல் மட்டும் போதாது, வாசலைத் திறந்து வையுங்கள். ரெகுலேட்டரை மூடிவிட்டு வெளியே வந்து 1906 எண்ணுக்குக் கூப்பிடுங்கள்.

படுக்கையறை, கொசு

எனக்கு இதுதான் வீட்டிலேயே மோசமான இடம். அடுக்களையில் ஒரு மணி நேரம் நிற்கிறோம், படுக்கையறையில் எட்டு மணி நேரம் அடைத்துப் பூட்டிக்கொண்டு மூச்சு விடுகிறோம். சாயங்காலம் ஆறு மணிக்கு ஜன்னலை அடைத்து, கட்டிலுக்கு அடியில் கொசுவர்த்திச் சுருளைக் கொளுத்தி வைத்துத் தூங்குகிற வீடுகள் எத்தனை! 2003இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு சுருள் முழுக்க எரிந்தால் வெளியிடும் நுண்துகளின் எடை 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று அளந்திருக்கிறார்கள். சுருளின் வகையைப் பொறுத்து மாறும், ஆனால் குறைந்த கணக்கே 75. பீடி குடிக்கிற தாத்தாவைத் திண்ணைக்கு விரட்டுகிற வீட்டில் பிள்ளையின் தலைமாட்டில் இது எரிகிறது.

மாற்று என்ன என்றால், பிளக்கில் மாட்டுகிற திரவம் புகை விடாது, ஆனால் அதுவும் பூச்சிமருந்துதான், ஆவியாக வருகிறது, அவ்வளவே வித்தியாசம். சின்னப் பிள்ளை இருக்கிற அறையில் தூங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் போட்டு, படுக்கும்போது அணைத்துவிடுங்கள். ‘மூலிகை’ என்று எழுதிய கொசு ஊதுபத்திகளில் பதிவு எண் அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள், பூச்சிமருந்து விற்க மத்தியப் பதிவு கட்டாயம், எண் இல்லாததை வாங்காதீர்கள். உண்மையான தீர்வு வலை. ஜன்னலுக்கு வலை அடித்தால் ஜன்னலைத் திறந்தே வைக்கலாம், கொசுவும் வராது காற்றும் வரும். அதற்கு வசதி இல்லாவிட்டால் கட்டிலுக்கு மட்டும் கொசுவலை. கூடவே, பால்வெட்டு நின்ற ரப்பர் மரங்களில் பால் எடுக்கிற கப்பையும் சிரட்டையையும் கவிழ்த்துப் போடுங்கள், அதில் தேங்கும் மழைத் தண்ணீரில்தான் டெங்கு கொசு முட்டையிடுகிறது.

சாம்பிராணி, குந்திரிக்கம், அந்துருண்டை

இது கொஞ்சம் சங்கடமான பகுதி. சாமி கும்பிடுகிற வீட்டில் சாம்பிராணி, ஜெபம் சொல்கிற வீட்டில் குந்திரிக்கம், எதுவானாலும் கங்கில் விழுந்தால் புகைதான். நிறுத்தச் சொல்லவில்லை. ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, கொஞ்சமாகப் போட்டு, முடிந்ததும் கங்கை வெளியே கொண்டுபோய்விடுங்கள். ஆனால் குளிப்பாட்டிய பச்சைப் பிள்ளையைச் சாம்பிராணிப் புகையில் காட்டுவதை மட்டும் விட்டுவிடுங்கள். பாட்டியிடம் ‘அது தப்பு’ என்று சொன்னால் சண்டைதான் வரும். ‘தலையைத் துணியால நல்லா துவட்டிட்டு, பொகையை பிள்ளை இல்லாத ரூம்ல போடுங்க பாட்டி, வாசனை தானே வரும்’ என்று எங்கள் அண்ணி சொன்னார், நடந்தது.

பிரசவத்துக்கு வந்த வீட்டில் இன்னொன்றும் கவனியுங்கள். பழைய மெல்லிய சேலை, பிள்ளைத்துணி எல்லாம் பெட்டிக்குள் அந்துருண்டை போட்டு வைத்திருப்பார்கள். அந்த உருண்டை பல நேரம் நாப்தலீன். ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு உள்ள குழந்தைக்கு அந்த ஆவியால் ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து மஞ்சள் காமாலை முற்றலாம், குறைபாடு இருப்பது பிறந்த உடனே யாருக்கும் தெரியாது. துணியைத் துவைத்து, நாற்றம் முழுக்கப் போகும்வரை வெயிலில் போட்ட பிறகே பிள்ளைக்கு எடுங்கள். குளியலறையில் தொங்கவிடுகிற வாசனைக் கட்டியும் இதே மாதிரி சங்கதிதான்.

ரப்பர் சீட்

மேற்கே மார்த்தாண்டம், குலசேகரம் பக்கம் உள்ளவர்களுக்கு. நாலைந்து ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர்கள், சீட் உலர்த்தத் தனியாகப் புகைப்புரை கட்ட முடியாமல், பாலை உறையவைத்துத் தகடாக்கிய ரப்பர் சீட்டை அடுப்புக்கு மேலே கம்பு கட்டித் தொங்கவிடுகிறார்கள். சீட் நன்றாக உலர வேண்டும் என்பதற்காகப் புகை வெளியே போகாமல் பார்த்துக்கொள்வதும் நடக்கிறது, அதாவது சீட்டுக்கு நல்லதும் சமைக்கிறவருக்குக் கெட்டதும் ஒன்றே. முடிந்தால் நாலு தகரம் வைத்தாவது வீட்டைவிட்டுத் தள்ளி ஒரு கூடு போடுங்கள், இல்லையென்றால் வெயிலில் காயவைத்தோ பாலாகவோ விற்றுவிடுங்கள். பாலை உறையவைக்கிற பார்மிக் ஆசிட்டை வெளியே வைத்துக் கலக்குங்கள், தண்ணீரில் ஆசிட்டை ஊற்ற வேண்டும், ஆசிட்டில் தண்ணீரை அல்ல. கேனைப் படுக்கையறைக் கட்டிலடியில் வைக்கிற வீட்டையும் பார்த்திருக்கிறேன்.

ஈரமும் பூஞ்சையும்

இரண்டு மழையும் கொட்டுகிற மாவட்டம் இது. ஆனி ஆடியில் ஒன்று, ஐப்பசி கார்த்திகையில் இன்னொன்று. பழைய ஓட்டு வீட்டில் ஓட்டு இடுக்கு வழியாகவே காற்று போய் வந்தது. கான்கிரீட் வீட்டில் அந்த வழி இல்லை, மேலே ஏசி போட்டு அலுமினிய ஜன்னலும் மாட்டிவிட்டால் சுவர் ஈரம் எங்கே போகும்? பீரோ பின்னால், பெல்ட்டில், பழைய நோட்டில், செருப்பில் வெள்ளை பூத்து நிற்கும். அதன் வித்துகள்தான் காலையில் வரிசையாகப் பத்துத் தும்மல்.

பூஞ்சை மேல் பெயிண்ட் அடிக்காதீர்கள், அடுத்த மழைக்கு அது பெயிண்டைத் தள்ளிக்கொண்டு வரும். முதலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடியுங்கள்: மொட்டைமாடி வெடிப்பா, ஜன்னல் மேல் சன்ஷேடா, குளியலறைக் குழாயா, தரையிலிருந்து ஏறுகிறதா. அதை அடைத்து, சுவர் காய்ந்த பிறகு சோப்புத் தண்ணீரால் தேய்த்துத் துடையுங்கள், துடைக்கும்போது மூக்கில் மாஸ்க் இருக்கட்டும், காய்ந்த பூஞ்சையைத் துடைப்பத்தால் தட்டினால் வீடு முழுக்கப் பரவும். பீரோவை வெளிச்சுவரிலிருந்து ஒரு கை அகலம் தள்ளிப் போடுங்கள். மழைநாளில் நனைந்த துணியை படுக்கையறையில் காயப்போட்டால் அந்தத் தண்ணீர் முழுக்க அறைக் காற்றில்தான் சேரும், சிட்அவுட்டில் (முன் வராந்தா) கொடி கட்டுங்கள். ஈரப்பதம் காட்டுகிற சின்ன மீட்டர் ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, அறையில் 60 சதவீதத்துக்கு மேல் நாள்கணக்கில் நின்றால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். மழை விட்ட வெயிலில் இலவம்பஞ்சுத் தலையணையையும் மெத்தையையும் போடுவது நம் பாட்டிகள் செய்ததுதான், தூசிப்பூச்சிக்கு அது நல்ல மருந்து.

சுருக்கமாகச் சில

பால்காய்ப்புக்கு முந்தின நாள்வரை பெயிண்ட் அடித்து, பிளைவுட் அலமாரி மாட்டி, அன்றே குடியேறுவது நம் வழக்கமாகிவிட்டது. பெயிண்டின் கரைப்பான் ஆவியும் பிளைவுட் பசையின் பார்மால்டிஹைடும் முதல் சில வாரங்களில்தான் அதிகம். நாள் பார்த்துப் பால் காய்ச்சுங்கள், படுக்கையை இரண்டு மூன்று வாரம் கழித்துக் கொண்டுபோங்கள், அதுவரை பகலில் ஜன்னல், அலமாரிக் கதவு எல்லாம் திறந்தே கிடக்கட்டும்.

கக்கூஸ் கழுவுகிற ஆசிட்டையும் கிணற்றுக்குப் போட வாங்கி வைத்த பிளீச்சிங் பவுடரையும் ஒன்றாகக் கலக்கவே கூடாது. ‘இரண்டும் சேர்ந்தா நல்லா வெளுக்கும்’ என்று யார் சொன்னாலும் சரி. கிளம்புவது குளோரின் வாயு, அடைத்த குளியலறையில் நிமிஷத்தில் மூச்சு முட்டும்.

2017 நவம்பர் 30இல் ஒக்கி புயல் அடித்த பிறகு பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை, ஜெனரேட்டரை வாடகைக்கு எடுத்து ஓட்டினார்கள். அடுத்த புயலுக்கு ஒன்று ஞாபகம் இருக்கட்டும்: மழை நனையாமல் இருக்க அதைச் சிட்அவுட்டிலோ கார் ஷெட்டிலோ வைக்காதீர்கள். வீட்டிலிருந்து 20 அடியாவது தள்ளி, ஜன்னல் பக்கம் புகை திரும்பாமல் இருக்க வேண்டும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை மணமும் இல்லை, வீட்டில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தலைவலியும் குமட்டலும் வந்தால் சாப்பாட்டைச் சந்தேகப்படுவதற்கு முன்னால் வெளியே ஓடுங்கள். இன்வெர்ட்டர் பேட்டரியும் சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் விடும், படிக்கட்டுக்கு அடியில் அடைத்த அலமாரி அதற்கு இடம் இல்லை.

மணவாளக்குறிச்சி கடற்கரைப் பக்கத்துக் கருமணலில் மோனசைட் என்ற தாது இருக்கிறது, அதில் தோரியம் என்ற கதிரியக்கப் பொருள், அதிலிருந்து தோரான் என்ற கதிரியக்க வாயு. இதன் ஆயுள் குறைவு, ஒரு நிமிஷத்துக்குள் பாதி அழிந்துவிடும், அதனால் தரைக்கும் சுவருக்கும் பக்கத்தில்தான் இருக்கும். பயப்பட ஒன்றும் இல்லை, அந்த மணலை எடுத்து வீட்டுத் தரையை நிரப்பாதீர்கள், கீழ்த்தள அறைகளில் காற்று ஓடட்டும்.

செடியும் மெஷினும்

மணி பிளாண்ட், பாம்புச்செடி வைத்தால் காற்று சுத்தமாகும் என்பது நாசா 1989இல் மூடிய சின்னப் பெட்டிக்குள் வைத்துப் பார்த்த சோதனையிலிருந்து கிளம்பிய பேச்சு. 2019இல் அப்படிப்பட்ட சோதனைகளை எல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டவர்கள், ஜன்னல் வழியாகப் போய் வரும் காற்று செய்கிற வேலையைச் செடிகள் செய்ய ஒரு சதுர மீட்டருக்குக் குறைந்தது பத்துச் செடியாவது வேண்டும் என்றார்கள். அழகுக்கு வையுங்கள். ஹெபா வடிகட்டி உள்ள ஏர் பியூரிஃபையர் துகளை நிஜமாகவே பிடிக்கும், ஆனால் கேஸையும் பெயிண்ட் ஆவியையும் அந்த வடிகட்டி பிடிக்காது. சுருளைக் கொளுத்திவிட்டு மெஷினையும் போடுவது, குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு தரையைத் துடைப்பது மாதிரி.

கடைசியாக ஒன்று. இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினால் புகை, மழை என்று நாமே காரணம் சொல்லிக்கொண்டிருக்காமல் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரிக்கோ பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போய் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள், அது காசநோயா என்று முதலில் தெரிய வேண்டும். அது இல்லை என்றானால் டாக்டர் வழக்கமாகக் கேட்கிற கேள்வி ‘புகை பிடிப்பீங்களா?’. அம்மா வெட்கத்தோடு சிரித்துக்கொண்டு ‘ஐயோ, இல்ல’ என்றுதான் சொல்வார், எங்கள் அம்மாவும் அப்படித்தான் சொன்னார். கூடப் போகிறவர்கள் அந்த இடத்தில் குறுக்கே பேசி, முப்பது வருஷம் விறகடுப்பு என்று சொல்லிவிடுங்கள்.